பனங்கட்டையில் மோதிய மோட்டார்

“இனி அந்த மோட்டாரை நான் தொட மாட்டேன், அம்மா.”

வைரக்கண்ணு சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். முழங்கால் வரை சேறு. கைகள் இரண்டும் துடுப்புப் போட்டுக் கொப்புளித்திருந்தன.

திட்டு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“மோட்டார் எங்க இருக்கு?”

“படகுலதான் தொங்குது.”

“கழட்டி எடுத்துட்டு வாங்க, அண்ணே.”

“எதுக்கும்மா?”

“மழை வர்ற மாதிரி இருக்கு.”

அவர் நின்று பார்த்தார். அவள் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். வேறு வழியில்லாமல் துறைக்கு இறங்கிப் போனார்.

காயலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவுபோல இருந்தது அந்தத் திட்டு. கிழக்கு ஓரத்தில் மீனவர் குடியிருப்பு. மேற்கு ஓரத்தில் அம்மாவின் குடிசை, ஒரு கீரைத் தோட்டம், ஒரு படகு. அம்மா எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மனசு சரியில்லாதவர்கள் அக்கரையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள்.

வைரக்கண்ணு அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். டவுனில் லேத் பட்டறை வைத்திருந்தார். வேலைக்கு வந்த எவனும் அவர் வாய்க்குப் பயந்து நிலைத்ததில்லை. மனைவி போன பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டு ஒருநாள் இங்கே வந்தார்.

“கோபம் போக என்ன வழி, அம்மா?” என்று கேட்டார்.

“படகு ஓட்டத் தெரியுமா?” என்று அவள் கேட்டாள்.

“மோட்டார் வேலை தெரியும்.”

“ஓட்டக் கத்துக்குங்க.”

அவ்வளவுதான் அவர் பெற்ற உபதேசம். அன்றிலிருந்து படகு அவர் பொறுப்பு. யாரோ இனாமாகக் கொடுத்த பழைய மோட்டார் அதில் மாட்டியிருந்தது. எத்தனை கை மாறியதோ தெரியாது. வைரக்கண்ணு அதைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டினார். ஆரம்பத்தில் அடிக்கடி நின்றது; பிறகு அது நடுக்காயலில் நின்றதே இல்லை. “சாமி ஓட்டுற படகு நிக்காது” என்று ஊரில் சொன்னார்கள். சாமி என்று தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

இன்று நின்றுவிட்டது.

மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து பூவரச மரத்தடியில் இறக்கினார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அம்மா ஒரு பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்து மோட்டார் மேல் போர்த்தினாள்.

“பூமயில் எங்க?” என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் கீழே உட்கார்ந்தார்.

பூமயில் குடியிருப்பைச் சேர்ந்தவள். அறுபதை நெருங்கியவள். அன்று காலை அவள் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் துறைக்கு ஓடி வந்தாள். அக்கரையில் அவள் தம்பி அமிர்தலிங்கத்துக்கு மூச்சு முட்டுகிறது, அக்காவைப் பார்க்கணும் என்கிறான் என்று போன் வந்திருந்தது. ஊர்ப் படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தன.

“கொஞ்சம் வெரசா போங்க, சாமி,” என்றாள்.

அக்காவும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது என்பது திட்டில் எல்லோருக்கும் தெரியும். பூமயிலின் மகள் கல்யாணத்தில், கூட்ட நெரிசலில், தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையைப் போட மறந்துவிட்டார்கள். அமிர்தலிங்கம் பந்தியில் உட்காராமல் எழுந்து போனான். பூமயில் அவன் போவதைப் பார்த்தாள். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காயலுக்குள் ஆழமாக ஓடும் ஓடை வழியாகப் போனால் சுற்று. குறுக்கே போனால் பாதி நேரம்தான். ஆனால் கடல் உள்வாங்கிக் காயலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம் அது; அடி தட்டும். வைரக்கண்ணு குறுக்கே விட்டார். முழு வேகத்தில் விட்டார்.

பாதித் தூரத்தில் அடியில் என்னவோ இடித்தது.

படகின் பின்பக்கம் தூக்கிப் போட்டது. மோட்டார் அலறியது. உள்ளே இரும்பு அரைபடும் சத்தம். பிறகு மோட்டார் மட்டும் ஓடியது, படகு ஓடவில்லை.

துடுப்பை எடுத்தார். இன்னொரு துடுப்பை அவர் சொல்லாமலே பூமயில் எடுத்தாள். நீர் கடல் பக்கம் இழுத்தது. இவர்கள் கரைப் பக்கம் வலித்தார்கள். வெயில் ஏறியது. அவள் ஒருமுறைகூடத் துடுப்பை நிறுத்தவில்லை.

கரையில் இறங்கும்போதே தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது.

பூமயில் துடுப்பைப் படகுக்குள் ஓரமாக, யார் காலிலும் தட்டாதபடி வைத்தாள். பிறகு இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துறையில் நின்ற ஒருவன் வைரக்கண்ணுவிடம் சொன்னான்: “இப்பத்தாங்க. அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது தூறல் மழையாகியிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவ என்னைத் திட்டியிருக்கலாம், அம்மா. மண்ணை வாரித் தூத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன செய்யணும்? விரதமா, மௌனமா, எதுன்னாலும் சொல்லுங்க. செய்யறேன்.”

“மோட்டாரைச் சரி பண்ணுங்க.”

“அதைத்தான் தொட மாட்டேன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க,” என்றாள் அம்மா. எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

*

மறுநாள் காலை வைரக்கண்ணு ஒரு பலகையை மரத்தில் சாய்த்து ஆணியடித்து, அதில் மோட்டாரை மாட்டினார். அம்மா ஒரு மணையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்தாள்.

தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஓர் இதழ் மடங்கிப்போயிருந்தது. அடிப்பாகத்தில் கை நீளத்துக்குச் சிராய்ப்பு. அதைப் பார்க்கப் பார்க்க வைரக்கண்ணுவுக்குச் சூடேறியது.

“பழைய படகுத்துறை இடிஞ்சப்ப தூணையெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போனானுங்க. அதுல ஒண்ணாத்தான் இருக்கும். இல்லேன்னா எவனாவது வலை கட்ட முளை அடிச்சுட்டுப் பிடுங்காமப் போயிருப்பான். எவன்னு தெரியணும் எனக்கு.”

“தெரிஞ்சா?”

“கேப்பேன்.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

“இப்பவா?”

“தண்ணி வத்தற நேரந்தானே?”

துடுப்பை வலித்துக்கொண்டு படகில் போனார். இடத்தைக் கண்டுபிடிக்க வெகுநேரமாயிற்று. கழுத்தளவு நீரில் இறங்கிக் காலால் துழாவினார். காலில் தட்டுப்பட்டதும் மூழ்கிக் கையால் தடவினார். மறுபடி மூழ்கினார்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். ஈர வேட்டியோடு அம்மா முன்னால் நின்றார்.

“பனங்கட்டை, அம்மா. வேரோட கிடக்கு. போன மழைக்கு ஆத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்.”

“யாரு போட்டது?”

“யாரும் போடல.”

அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“அப்ப கேக்கறதுக்கு ஆள் இல்லாமப் போச்சு,” என்றாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு மோட்டார் பக்கம் போனார்.

*

மாலையில் கியர் பெட்டியைத் திறந்தார். எண்ணெய் வெளுத்துப் பால்போல ஒழுகியது. அதோடு இரும்புத் தூளும் வந்தது. பல்சக்கரத்தில் பல்லே இல்லை. மழித்துவிட்டதுபோல் இருந்தது.

அவர் கை நின்றது.

பிறகு மெதுவாக விசிறியைக் கழற்றினார். விசிறியையும் அச்சையும் இணைக்கும் துளையில், குறுக்காக, ஒரு சின்னப் பின் இருந்தது. சுண்டு விரல்கூட இல்லை நீளம். அதை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது.

சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

“என்ன அது?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. பின்னு.”

“எதுக்கு இருக்கு?”

அவர் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா மணையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காயல் பக்கமிருந்து நீர்க்காகங்கள் மரத்துக்கு அடைய வந்தன.

“இந்த இடத்துல பித்தளைப் பின்னு போடணும்,” என்று ஆரம்பித்தார். “பித்தளை மெது. விசிறி எதுலயாச்சும் இடிச்சா, முதல்ல அது உடைஞ்சிடும். உடையறதுக்குன்னே வெச்சிருக்கறது. அது உடைஞ்சா உள்ள கியருக்கு ஒண்ணும் ஆகாது. பழசைத் தட்டி எடுத்துட்டுப் புதுசு ஒண்ணைச் சொருகினா போதும். வெத்திலை போடற நேரம். கிளம்பிடலாம்.”

“இது பித்தளை இல்லையே.”

“எஃகு.”

“யாரு செஞ்சது?”

“நான்தான். நம்ம பட்டறையில. பூட்டைத் திறந்து நானே கடைஞ்சேன்.”

அம்மா மணையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“பித்தளை அடிக்கடி உடையுதும்மா. சேத்துல மாட்டினா உடையும், வலையில சிக்கினா உடையும். ஆளுங்களை ஏத்திக்கிட்டு நடுத்தண்ணியில நின்னு, குனிஞ்சு, பின்னு மாத்திக்கிட்டு… என்ன சாமி, நின்னுடுச்சான்னு அவனவன் கேப்பான். எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதான் உடையாததா ஒண்ணு செஞ்சு போட்டேன்.”

“உடையவே இல்லையா?”

“இல்ல.”

அம்மா கையை நீட்டினாள். அவர் பின்னைக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரங்களை விரலால் தடவினாள்.

“நல்ல வேலை,” என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

வெகுநேரம் கழித்து, “வெத்திலை போடற நேரம், அம்மா,” என்றார். “அவன் அக்கா அக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். போய்ச் சேர்ந்திருப்போம்.”

அம்மா பின்னை நீட்டினாள்.

அவள் கையிலிருந்து பின்னை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று கரைக்கு நடந்தார். வீசுவதற்குக் கையை ஓங்கினார்.

“அண்ணே,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. “தண்ணிக்கு அடியில கிடக்கறது போதும்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. வேட்டி முடிச்சில் பின்னை முடிந்துகொண்டார்.

*

அக்கரையில் பழைய மோட்டார்களைப் பிரித்து விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே இதே மாதிரி செத்துப்போன மோட்டார் ஒன்றின் வயிற்றிலிருந்து சக்கரங்களைப் பொறுக்கி வந்தார். அவை சரியாகப் பொருந்தவில்லை. அரத்தால் ராவிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். கழற்றி மறுபடி ராவினார். முன்பென்றால் அரத்தை இரண்டு தடவையாவது விட்டெறிந்திருப்பார்.

மடங்கிய இதழைச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்தினார். தண்ணீர் புகாமல் புது வாஷர் போட்டார். புது எண்ணெய் ஊற்றினார். கடைசியாகப் பித்தளைப் பின்னைச் செருகினார். இன்னும் நாலைந்து பித்தளைப் பின்களை ஒரு டப்பாவில் போட்டுப் படகில் வைத்தார்.

கயிற்றை இழுத்தார். மோட்டார் கனைத்து அடங்கியது. மறுபடி இழுத்தார். ஓடியது.

அம்மா கீரைப் பாத்தியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அவர் பாத்தி ஓரம் வந்து நின்றார்.

“ஓடுதும்மா.”

“கேக்குது.”

“இப்பவாவது சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?”

“நாளைக்கு அமிர்தலிங்கத்துக்குக் கருமாதி. பூமயில் அக்கரைக்குப் போகணும்னு சொல்லிட்டுப் போனா.”

“அவ மகன்கிட்டயே படகு இருக்கே.”

“இருக்கு.”

“ஊர்ல எல்லாப் படகும் கரையிலதான் நிக்குது.”

“நிக்குது. அவ நம்ம படகுதான் வேணும்னா.”

வைரக்கண்ணு வேட்டி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“அம்மா, பின்னு விஷயம் அவகிட்ட சொன்னீங்களா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

“அப்ப அவ கட்டையை நினைச்சுக்கிட்டு இருக்கா. தண்ணிக்கு அடியில ஏதோ இருந்துச்சு, இடிச்சிடுச்சு, சாமி என்ன பண்ணுவாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.”

“இருக்கலாம்.”

“சொன்னா அவளுக்கு இன்னும் வலிக்கும். சொல்லலேன்னா… சொல்லவா, வேண்டாமா?”

அம்மா ஒரு களையைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறினாள். அதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

அவர் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

*

காலையில் பூமயில் வெள்ளைப் புடவையில் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதன் மேலே, வாழையிலையில் சுற்றிய ஒரு பூமாலை.

அவள் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வைரக்கண்ணு நினைத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சரி, கிளம்புவதற்கு முன் சொல்வோம் என்று நினைத்தார். கை தானாகக் கயிற்றை இழுத்தது.

ஓடை வழியாகவே விட்டார். தண்ணீர் நிறைந்திருந்தது. குறுக்கு வழி பிரியும் இடம் வந்தது. இருவருமே அந்தப் பக்கம் பார்த்தார்கள். மேலே ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்.

அவர் மோட்டாரை அணைத்தார்.

படகு கொஞ்சதூரம் தானாகப் போய் நின்றது.

“என்ன சாமி, மறுபடியும் நின்னுடுச்சா?”

“இல்லக்கா. நான்தான் நிறுத்தினேன்.”

வேட்டி முடிச்சை அவிழ்த்துப் பின்னை எடுத்தார். அவளிடம் நீட்டினார். அவள் என்னவென்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.

சொன்னார். பித்தளையைப் பற்றிச் சொன்னார், எஃகைப் பற்றிச் சொன்னார். நடுத்தண்ணியில் குனிந்து நிற்க வெட்கப்பட்டதைச் சொன்னார். வற்றுகிற நேரத்தில் குறுக்கே விட்டதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. எதையும் விடவில்லை.

பூமயில் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பித்தளை இருந்திருந்தா, நாம போய்ச் சேர்ந்திருப்போமா?”

‘சொல்ல முடியாது, அக்கா. விதி. சேர்ந்திருந்தாலும் சேர்ந்திருப்போம்.’ இப்படிச் சொல்வதற்கு இரவெல்லாம் வார்த்தைகள் வந்து வந்து நின்றிருந்தன.

“சேர்ந்திருப்போம்,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

காயல் காற்று மெதுவாகப் படகைத் திருப்பியது. அவள் முகத்தில் வெயில் விழுந்தது. அவள் கையைக் குடையாக வைத்துக்கொள்ளவில்லை.

“சந்தைக்கு எத்தனை தடவை இதே படகுல அந்தக் கரைக்கு வந்திருக்கேன்,” என்றாள். “ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன். திருவிழாவுக்கு வந்திருக்கேன். அவன் வீட்டைத் தாண்டித்தான் போவணும். வாசல்ல உக்காந்திருப்பான். நான் அந்தப் பக்கமா பாத்துக்கிட்டுப் போயிடுவேன்.”

வைரக்கண்ணு மோட்டார் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

“கல்யாணத்தன்னிக்கு, பந்தல் தாண்டினதும் ஒருதரம் திரும்பிப் பாத்தான். கூப்பிடுவேன்னு பாத்திருப்பான்.”

பின்னை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவருக்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று தோன்றியது. திட்டுவாள், அல்லது பரவாயில்லை என்பாள். இரண்டில் எதற்கும் அவர் தயாராக இருந்தார்.

அவள் மடியிலிருந்த மாலையின் மேல் வாழையிலையை இழுத்து மூடினாள். வெயிலுக்கு வாடிவிடாமல்.

அவர் கயிற்றை இழுத்தார். மோட்டார் முதல் இழுப்பிலேயே ஓடியது. பழக்கத்தில் கை வேகத்தைக் கூட்டியது. படகின் மூக்கு நிமிர்ந்தது.

“மெதுவாவே போ, தம்பி,” என்றாள் பூமயில். “இனிமே எனக்கு அங்க என்ன அவசரம்?”